உங்கள் தளத்தில் தேடினால் கிடைக்கும் பக்கங்கள் எத்தனை?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இணையத்தளம் வைத்திருக்கும் கோயில் பரிபாலன சபைகள், பழைய மாணவர் சங்கங்கள், இலக்கிய அமைப்புகள், பதிப்பாளர்கள், கடைக்காரர்கள் அனைவருக்கும்,



உங்களில் பலருடைய வருடாந்தப் பொதுக்கூட்ட அறிக்கையில் இணையத்தளத்தைப் பற்றி ஒரே ஒரு வரி வரும்: "எமது இணையத்தளம் சிறப்பாக இயங்கி வருகிறது." முகவரியைத் தட்டினால் முகப்புப் பக்கம் திறக்கிறது, படங்கள் தெரிகின்றன என்பதுதான் அந்த வரியின் பொருள். சபையும் கைதட்டி ஏற்றுக்கொண்டு தேநீருக்குப் போய்விடும். உங்கள் முகவரி தெரியாத ஒருவரைப் பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை. ரொறன்ரோவில் இருக்கும் ஒரு பேத்தி, தன் தாத்தா படித்த கொழும்புப் பள்ளிக்கூடத்தின் பெயரையும் அவருடைய பெயரையும் கூகிளில் எழுதித் தேடுகிறாள் என்று வையுங்கள். நீங்கள் பாடுபட்டு ஏற்றிய பவள விழா மலர் அவள் கண்ணில் படுமா? அதே தேடலில், படக்கூடாத எதுவும் படுமா? இரண்டுக்கும் விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. செலவும் இல்லை. ஆனால் கணக்கெடுத்துப் பார்த்த சபைகள் மிகக் குறைவு.

முதலில், தேடுபொறி என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் கேட்கும் கணத்தில் அது இணையம் முழுவதையும் சுற்றி வருவதில்லை. அதன் நிரல்கள் ஏற்கெனவே பக்கம் பக்கமாகப் போய் வாசித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பெரிய சுட்டியில் எழுதி வைத்திருக்கின்றன. நாம் தேடும்போது புரட்டப்படுவது அந்தச் சுட்டி மட்டுமே. தன் சுட்டியில் பல நூறு பில்லியன் பக்கங்கள் இருப்பதாகக் கூகிள் சொல்கிறது. அதோடு, எந்தப் பக்கத்தையும் வாசிப்பேன், சேர்ப்பேன், காட்டுவேன் என்று யாருக்கும் உறுதி தருவதில்லை என்றும் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. காசு கட்டிச் சேர்ப்பிக்கவும் வழியில்லை. ஆகவே ஒரு பக்கம் தேடலில் கிடைக்க மூன்று படிகள் உண்டு. அப்படி ஒரு பக்கம் இருப்பதைத் தேடுபொறி கண்டறிய வேண்டும். பிறகு வந்து வாசிக்க வேண்டும். வாசித்த பிறகு சேர்க்கலாம் என்று முடிவெடுக்க வேண்டும். உங்கள் பக்கங்கள் இந்த மூன்றில் எந்தப் படியிலும் நின்றுவிடலாம்.

கணக்கெடுப்புக்கு இரண்டு பட்டியல்கள் வேண்டும். ஒன்று, உங்கள் தளத்தில் உண்மையாக இருக்கும் பக்கங்களின் பட்டியல். மற்றது, தேடுபொறியின் சுட்டியில் இருக்கும் உங்கள் பக்கங்களின் பட்டியல். முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாதவை தொலைந்தவை. இரண்டாவதில் இருந்து முதலாவதில் இல்லாதவையும், இரண்டிலும் இருந்தாலும் வெளியார் பார்க்கக்கூடாதவையும் ஆபத்தானவை. மற்றதெல்லாம் இந்தக் கழித்தலைச் சரியாகச் செய்வதற்கான வழிமுறைதான்.

முதற்பட்டியல் எளிது. உங்கள் தளம் வேர்ட்பிரஸில் கட்டப்பட்டதாயின், 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பிலிருந்து அது தானாகவே ஒரு தளவரைபடக் கோப்பை உருவாக்கி வைத்திருக்கும். பக்க முகவரிகள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். தளவரைபடம் என்ற முறையைக் கூகிள் 2005 இல் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே யாகூவும் மைக்ரோசொஃப்டும் அதை ஏற்றுக்கொண்டன. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை எழுதலாம். நம் சபை எதற்கும் அந்த எல்லை ஒரு கவலை அல்ல. வேர்ட்பிரஸ் இல்லாத பழைய தளமாயின், சேர்வரில் உள்ள கோப்புகளின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் கோப்புகளை மறக்க வேண்டாம். நம் தளங்களில் உண்மையான சரக்கு பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கிறது.

இரண்டாம் பட்டியலுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. கூகிள் தேடற்கட்டத்தில் 'சைட்' என்ற நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லை எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை ஒட்டி எழுதுங்கள். உங்கள் தளத்தின் பக்கங்கள் மட்டும் வரும். அதன்பின் ஓர் இடைவெளி விட்டு 'ஃபைல்டைப்' என்ற சொல்லையும் முக்காற்புள்ளியையும் 'பிடிஎஃப்' என்பதையும் ஒட்டிச் சேர்த்தால், பிடிஎஃப் கோப்புகள் மட்டும் வரும். பிங் தேடுபொறியிலும் இதையே செய்யலாம். பிங்கை நம்மூரில் அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை என்று விட்டுவிடாதீர்கள். யாகூவும் டக்டக்கோவும் பெருமளவு அதன் சுட்டியையே நம்பியிருக்கின்றன. கூகிளில் இருக்கும் பக்கம் பிங்கில் இல்லாமலும், பிங்கில் இருப்பது கூகிளில் இல்லாமலும் போகலாம்.

இந்தக் குறுக்குவழி தரும் எண்ணிக்கையைக் கொண்டுபோய் அறிக்கையில் எழுதிவிட வேண்டாம். அது ஒரு மதிப்பீடு மட்டுமே. சுட்டியில் உள்ள எல்லாப் பக்கங்களையும் அந்தத் தேடல் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று கூகிளே சொல்கிறது. கடைசிப் பக்கம் வரை போனால் முதலில் காட்டிய எண்ணிக்கை சுருங்குவதும் உண்டு. பருமட்டாகப் பார்ப்பதற்கும், இருக்கக்கூடாதவற்றை உடனே பிடிப்பதற்கும் அது போதும். கணக்கு முடிப்பதற்குப் போதாது.

கணக்கு முடிக்கும் இடம் கூகிள் சேர்ச் கொன்சோல். 2005 இல் தளவரைபடச் சேவையாகத் தொடங்கி, பிறகு வெப்மாஸ்டர் டூல்ஸ் ஆகி, 2015 இல் இந்தப் பெயருக்கு வந்தது. இலவசம். தளம் உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். டொமைன் பதிவில் கூகிள் தரும் ஒரு வரியைச் சேர்த்து நிரூபிப்பது நல்லது. அப்படிச் செய்தால், 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' முன்னொட்டு உள்ள முகவரி, இல்லாத முகவரி, பாதுகாப்பான இணைப்பு, பழைய இணைப்பு எல்லாம் ஒரே கணக்கில் வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் நம் சபைகளின் பழைய நோய் வெளிப்படும். தளத்தைச் செய்து தந்த தம்பி இப்போது மெல்பேர்னிலோ ரொறன்ரோவிலோ இருப்பார். டொமைன் அவருடைய சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். கடவுச்சொல் யாரிடமும் இருக்காது. தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் இலவசமாகச் செய்து தந்தார், நாம் எழுதி வாங்கவில்லை. கோயில் உண்டியலின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று சபைக் குறிப்பேட்டில் எழுதுகிறோம். டொமைனின் திறப்பு யாரிடம் என்பதையும் அதே குறிப்பேட்டில் எழுத வேண்டும். பதிவு காலாவதியாகிக் கைநழுவிய டொமைன்களை வேறு யாராவது வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுவது உலகெங்கும் நடக்கிறது. கோயிலின் பெயரில் அது நடந்தால் பரிகாரம் கடினம்.

கொன்சோலில் 'பக்கங்கள்' என்ற அறிக்கையைத் திறந்தால் இரண்டு எண்கள் வரும்: சுட்டியில் உள்ளவை, இல்லாதவை. இல்லாதவற்றுக்குக் காரணங்களும் கீழே இருக்கும். 'கண்டறிந்தோம், இன்னும் சேர்க்கவில்லை' என்றால் முகவரி தெரியும், வாசிக்க வரவில்லை. 'வாசித்தோம், இன்னும் சேர்க்கவில்லை' என்றால் வந்து பார்த்தும் வேண்டாம் என்று விட்டது. 'நகல்' என்றால் இதே உள்ளடக்கம் வேறு முகவரியிலும் இருப்பதால் அதை எடுத்துக்கொண்டது. 'சேர்க்க வேண்டாம்' என்ற குறிப்பு பக்கத்திலேயே இருக்கிறது என்பது ஒரு காரணம். எங்கே வாசிக்க வரக்கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் 'ரோபோட்ஸ்' கோப்பு தடுத்தது என்பது இன்னொன்று. பக்கமே இல்லை, சேர்வர் பதில் தரவில்லை என்பவையும் வரும். ஒவ்வொரு காரணத்துக்கும் அதிகபட்சம் 1,000 முகவரிகளை மாதிரியாகக் காட்டும். உங்களிடம் அதைவிட அதிகம் இருந்தால், மலர்களுக்கு ஒன்று, செய்திகளுக்கு ஒன்று, நிகழ்வுகளுக்கு ஒன்று என்று தளவரைபடத்தைப் பிரித்துச் சமர்ப்பியுங்கள். அறிக்கையை ஒவ்வொரு வரைபடத்துக்கும் தனித்தனியே வடிகட்டலாம். எந்தப் பகுதி தொலைந்திருக்கிறது என்று அப்போது பளிச்சென்று தெரியும்.

தளவரைபடம் கொடுத்துவிட்டோம், ஆகவே எல்லாம் சேர்ந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கலியாணத்துக்கு அழைப்பிதழ் கொடுத்தவர் எல்லாரும் வந்துவிடுகிறார்களா? வரைபடமும் அழைப்புத்தான். வருவதும் உண்பதும் வந்தவர் விருப்பம்.

ஒரு தனிப்பக்கத்தைப் பற்றி உறுதியாக அறிய, கொன்சோலின் மேற்பகுதியில் உள்ள கட்டத்தில் அதன் முழு முகவரியை இடுங்கள். சுட்டியில் உள்ளதா, கடைசியாக எப்போது வாசித்தது, எந்த முகவரியை மூலமாகக் கொண்டது என்று சொல்லும். சேர்க்கும்படி கேட்கும் பொத்தானும் அங்கே இருக்கிறது. கணினி தெரிந்த இளைஞர் ஒருவர் சபையில் இருந்தால், இதே வேலையை நிரல் மூலம் நாளொன்றுக்கு 2,000 முகவரிகள் வரை செய்யலாம். 2022 இலிருந்து கூகிள் அதற்கு வழி விட்டிருக்கிறது. பிங்குக்கும் இதுபோன்ற வெப்மாஸ்டர் சேவை உண்டு. கூகிள் கணக்கிலிருந்து விவரங்களை அப்படியே அங்கு கொண்டுபோகலாம்.

பட்டியல்களை ஒப்பிடும்போது தமிழுக்கே உரிய சில சிக்கல்கள் வரும். முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால், சேர்வரின் பதிவேட்டிலும் பதிவிறக்கிய பட்டியலிலும் அது தமிழாகத் தெரியாமல் போகலாம். ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக விரியும். 'வெள்ளவத்தை' என்ற சொல் இப்படி விரிந்தால் 90 எழுத்துகள் ஆகும். ஒப்பிடுமுன் அதைத் தமிழுக்குத் திருப்புங்கள். திருப்பிய பிறகும் ஏமாறலாம். 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், எக்செல் தாளுக்கு இரண்டும் வேறு. 'கொட்டாஞ்சேனை' என்று தொடங்கும் முகவரிகள் இரு பட்டியலிலும் இருந்தும் பொருந்தாமல் நின்றால், இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கோயில்காரர்களுக்கு இன்னொன்று. உங்கள் பெயர்ப்பலகைகளில் முதலில் நிற்கும் 'ஸ்ரீ' ஒருங்குறியில் (யூனிகோடில்) இரண்டு விதமாக எழுதப்படுகிறது. பழைய முறை ஸகரத்தில் தொடங்கும். 2005 இல் வந்த ஒருங்குறி 4.1 பதிப்பில் ஶகரம் சேர்ந்த பிறகு, அதில் தொடங்கும் முறையும் வந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகவே தெரியும். உங்கள் தளத்துக்குள் உள்ள தேடற்பெட்டி ஒன்றைக் கண்டு மற்றதைக் காணாமல் விடலாம். தளம் முழுவதும் ஒரே முறையை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, தொலைந்தவை ஏன் தொலைந்தன என்பதற்கு வருவோம். நம் தளங்களில் நான்கு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது பாமினி. ஒருங்குறி பரவலாவதற்கு முன் இலங்கையில் தமிழ்த் தட்டச்சு என்றால் பெரும்பாலும் பாமினிதான். ஒருங்குறியில் 1991 இலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. ஆனாலும் நம் அச்சகங்களும் அலுவலகங்களும் பாமினியை விட்டு வர நெடுங்காலம் எடுத்தன. சில இன்னும் வரவில்லை. பாமினியில் 'தமிழ்' என்று தட்டினால், கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி அணிவிக்கிறது. தேடுபொறி முகமூடியைப் பார்ப்பதில்லை. உங்கள் கும்பாபிஷேக மலர் சுட்டியில் இருக்கலாம், கொன்சோலும் 'சேர்ந்தது' என்று பச்சைக் குறி காட்டலாம். ஆனால் தமிழில் தேடுகிற எவருக்கும் அது ஒருநாளும் கிடைக்காது. சுட்டியில் இருந்தும் இல்லாத பக்கம் அது. எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திருப்தியடையக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

இரண்டாவது, படமாக ஏறிய பக்கங்கள். மலரை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி ஏற்றினால், அதில் எழுத்து இல்லை, எழுத்தின் படம்தான் இருக்கிறது. தேடுபொறி சில படங்களிலிருந்து எழுத்தை ஊகித்து எடுக்கும். மங்கிய தாளில், பழைய ஈய அச்சில் உள்ள தமிழை அது சரியாக எடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. கடைக்காரர்களும் இங்கேதான் விழுகிறார்கள். காலி வீதியில் கடை வைத்திருப்பவர் விலைப்பட்டியலை அழகான ஒரே படமாக ஏற்றிவிடுகிறார். பொருளின் பெயர் எழுத்தாக எங்கும் இல்லாதபோது அந்தப் பொருளைத் தேடுபவர் அந்தக் கடைக்கு எப்படி வருவார்?

இவ்விரண்டையும் கண்டுபிடிக்கத் தொழில்நுட்பம் தெரிய வேண்டியதில்லை. உங்கள் பிடிஎஃப் கோப்பைத் திறந்து ஒரு வரியைத் தெரிவுசெய்து, வட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒட்டி அனுப்பிப் பாருங்கள். தமிழாக வந்தால் நல்லது. ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் பாமினி. வரியைத் தெரிவுசெய்யவே முடியாவிட்டால் படம்.

மூன்றாவது, தெரியாமல் போட்ட தடை. வேர்ட்பிரஸ் அமைப்புகளில், வாசிப்பு என்ற பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்கும் சிறு கட்டம் ஒன்று உண்டு. தளம் கட்டி முடியும் வரை அதில் சரிக்குறி போட்டு வைப்பார்கள். திறப்பு விழாவில் விளக்கேற்றுவார்கள், நாடா வெட்டுவார்கள், அந்தக் குறியை எடுக்க மறந்துவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் முழுத் தளமும் சுட்டிக்கு வெளியே நிற்கும். 'சைட்' தேடலில் ஒன்றுமே வராவிட்டால் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இது.

நான்காவது, அநாதைப் பக்கங்கள். எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லாமல், தளத்தின் தேடற்பெட்டியில் பெயர் எழுதினால் மட்டுமே வரும் பக்கங்களைத் தேடுபொறி எளிதில் கண்டறியாது. அது இணைப்பைப் பிடித்து நடப்பது, பெட்டியில் தட்டச்சு செய்து பார்ப்பதில்லை. கைபேசியில் திறக்காத தளங்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கூகிள் இப்போது கைபேசியின் கண்ணாலேயே தளங்களை வாசிக்கிறது. கைபேசியில் அறவே திறக்காதவற்றை 2024 ஜூலையிலிருந்து சேர்ப்பதில்லை.

படமாக ஏறியவற்றையும் தேடலில் கிடைக்கச் செய்வதற்கு நல்ல முன்மாதிரியை வெளியே தேட வேண்டியதில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைப் பாருங்கள். ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்புகளாக வைத்திருக்கிறார்கள். கோப்புகள் பெரும்பாலும் படங்கள்தான். ஆனால் ஒவ்வொரு ஆவணத்துக்கும் நூலக எண்ணும் தனிப்பக்கமும் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் தலைப்பு, ஆசிரியர், வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு எல்லாம் ஒருங்குறித் தமிழில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். பலவற்றில் உள்ளடக்க அட்டவணையும் வரிக்கு வரி இருக்கும். பழைய இதழொன்றில் வந்த கட்டுரையின் தலைப்பைக் கூகிளில் எழுதினால் நேரே அந்தப் பக்கத்துக்குப் போக முடிவது இதனால்தான். தேடுபொறி இதழைப் படிக்கவில்லை, அதன் அருகில் உட்கார்ந்து தட்டச்சு செய்த ஒரு மனிதரின் உழைப்பைப் படித்தது.

இதை நீங்களும் செய்யலாம். முழு மலரையும் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டாம். ஒவ்வொரு மலருக்கும் ஒரு பக்கம் திறந்து, அதில் ஆண்டு, தொகுப்பாசிரியர், கட்டுரைத் தலைப்புகள், எழுதியவர் பெயர்கள் ஆகியவற்றை மட்டும் ஒருங்குறியில் எழுதி, கீழே பிடிஎஃப் இணைப்பை வையுங்கள். இந்த நகரத்தின் தமிழ்ச் சபைகளுக்குச் சொல்லத்தக்க வயது இருக்கிறது. கொழும்பு விவேகானந்த சபை 1902 இல் தொடங்கியது. கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942 இல் தொடங்கியது. இவற்றைச் சுற்றி வளர்ந்த சிறிய சங்கங்களும் மன்றங்களும் பல. அவை வெளியிட்ட மலர்களில் நம் தெருக்களின் வரலாறு துண்டு துண்டாகக் கிடக்கிறது. வேறு எந்த நூலிலும் அது இல்லை. முகநூலில் போட்டிருக்கிறோமே என்று சிலர் சொல்வீர்கள். முகநூல் இடுகை அடுத்த வாரமே கீழே போய்விடும். தேடுபொறி அதை நம்பகமாகப் பிடித்துத் தராது. இன்று மக்கள் கேள்வி கேட்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் இணையத்தில் தேடித்தான் பல பதில்களைத் தருகின்றன. சுட்டியில் இல்லாத கொட்டாஞ்சேனை அவற்றின் பதிலிலும் இருக்காது.

இதுவரை சொன்னது தொலைந்தவற்றைப் பற்றி. இனிச் சொல்வது அதைவிட அவசரமானது.

உங்கள் தளத்தின் பிடிஎஃப் கோப்புகளை 'சைட்' தேடலில் வரிசையாகப் பாருங்கள். பழைய மாணவர் விவரக் கொத்து, முகவரியும் தொலைபேசி இலக்கமும் சேர்ந்து. நன்கொடையாளர் பட்டியல், தொகையும் சேர்ந்து. புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்த பிள்ளைகளின் படிவங்கள். வரன் தேடக் கொடுத்த சாதகக் குறிப்புகள். உறுப்பினரின் தேசிய அடையாள அட்டை இலக்கங்கள். செயலாளர் 'குழுவுக்குள் பார்க்க மட்டும்' என்று தளத்தின் ஏதோ ஒரு மூலையில் ஏற்றியிருப்பார். இணைப்பை யாரோ எங்கோ பகிர்ந்திருப்பார்கள், தேடுபொறி பிடித்துக்கொண்டிருக்கும். அடையாள அட்டை இலக்கத்தை வெறும் இலக்கம் என்று நினைக்க வேண்டாம். பிறந்த ஆண்டும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் அதில் இருக்கின்றன. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இலக்கம் தெரிந்தால் பிறந்த தேதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரியும்.

வேறு ஊர்க்காரருக்கு இது தனிநபர் அந்தரங்கத்தைப் பற்றிய பேச்சு. நமக்கு அதற்கு மேலும் உண்டு. 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தெரிந்து தெரிந்து தாக்கியது பதிவான வரலாறு. 2007 ஜூன் 7 அன்று கொழும்பின் லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள்; மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகே அது நின்றது. பெயரும் முகவரியும் ஒரே தாளில் இருப்பது இந்தத் தெருக்களில் எப்போதும் அப்பாவித்தனமான விஷயமாக இருந்ததில்லை. அப்படியான தாளை நாமே தயாரித்து, உலகம் முழுவதும் தேடி எடுக்கும்படி திறந்து வைப்பது எந்த வகை அறிவு? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியும் விட்டது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய வேலை அல்ல இது.

அப்படி ஏதாவது அகப்பட்டால் அகற்றுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கோப்பை நீக்குங்கள், அல்லது கடவுச்சொல்லுக்குப் பின்னால் வையுங்கள். பிறகு கொன்சோலில் உள்ள அகற்றற் பகுதியில் அதன் முகவரியைக் கொடுங்கள். அந்த அகற்றல் ஏறத்தாழ ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். மூலக்கோப்பு திறந்தே கிடந்தால் திரும்ப வந்துவிடும். பிங்கிலும் தனியே கேட்க வேண்டும்.

பலர் செய்யும் தவறு, 'ரோபோட்ஸ்' கோப்பில் தடை எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பது. 1994 இல் தோன்றிய அந்த வழக்கம் வாசிக்க வராதே என்றுதான் சொல்லும், சேர்க்காதே என்று சொல்லாது. வேறு இடத்தில் இணைப்பு இருந்தால் வாசிக்காமலே முகவரியைச் சுட்டியில் சேர்த்துவிடக்கூடும். அதோடு அந்தக் கோப்பு யாரும் திறந்து பார்க்கக்கூடியது. எதை மறைக்க விரும்புகிறீர்கள் என்பதை அதில் நீங்களே வரிசையாக எழுதி வைத்துவிடுகிறீர்கள். பக்கத்தில் 'சேர்க்க வேண்டாம்' என்ற குறிப்பை எழுதினால் அது வேலை செய்யும். ஆனால் அந்தக் குறிப்பைப் படிக்கத் தேடுபொறி உள்ளே வர வேண்டும். கதவையும் பூட்டி, உள்ளே குறிப்பையும் ஒட்டினால் குறிப்பை யார் படிப்பார்? பிடிஎஃப் கோப்பாயின் குறிப்பைச் சேர்வர் அனுப்பும் தலைப்பில் சேர்க்க வேண்டும். தளம் பார்ப்பவரிடம் சொன்னால் செய்து தருவார்.

'சைட்' தேடலில் நீங்கள் எழுதாத பக்கங்கள் வந்தால், மாத்திரை விற்பனை, சூதாட்டம், ஜப்பானிய எழுத்தில் விளம்பரம் என்று எதுவாக இருந்தாலும், உங்கள் தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். முகப்பைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இத்தகைய பக்கங்களைத் தேடுபொறிக்கு மட்டும் காட்டும்படி செய்திருப்பார்கள். அறிக்கையில் 'சிறப்பாக இயங்கி வருகிறது' என்ற வரி அந்த ஆண்டும் வந்திருக்கும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பொருளாளரின் கணக்கறிக்கையோடு ஒரு பக்க இணையக் கணக்கறிக்கையும் வையுங்கள். அதில் ஆறு வரிகள் போதும். எமது தளத்தில் உள்ள பக்கங்களும் கோப்புகளும் இத்தனை. கூகிளிலும் பிங்கிலும் சேர்ந்தவை இத்தனை. சேராதவற்றுக்குக் காரணங்கள் இவை. வெளியார் பார்க்கக்கூடாத ஆவணங்கள் கண்டறிந்து அகற்றியவை இவை. டொமைனும் கொன்சோலும் சபையின் பொது மின்னஞ்சலில் உள்ளன. பொறுப்பாளர் இருவர், அவர்கள் இன்னார். முதல் ஆண்டில் எண்கள் வெட்கப்பட வைக்கலாம். வைக்கட்டும். மறைத்து வைத்த கணக்கைவிட வெட்கப்பட வைக்கும் கணக்கு மேல்.

இளைஞர்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். எந்த மலர் முக்கியம், எந்தப் பெயர் தேடப்படும், எந்தப் பட்டியல் ஆபத்து என்று தெரிந்தவர்கள் மூத்தவர்கள்தான். ஒரு மூத்தவரும் ஓர் இளைஞரும் ஒரு சனிக்கிழமை பின்னேரம் சேர்ந்து உட்கார்ந்தால் சிறிய தளம் ஒன்றின் கணக்கு பெருமளவு முடிந்துவிடும். அந்த வேலையை வெளியார் பார்க்கக்கூடாத கோப்புகளிலிருந்து தொடங்குங்கள். தொலைந்த மலர் இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும். திறந்து கிடக்கும் முகவரிப் பட்டியல் காத்திருக்கக் கூடாது.

அன்புடன்,
உங்கள் அயலவன் ஒருவன்
வெள்ளவத்தை, கொழும்பு 6